பெரியவள் கொட்டிய குப்பை

கூண்டுக்கு நடுவில் வலை கட்டச் சொன்னது மேலாளர். கட்டியது வெல்டர். கட்டி முடித்ததும் சந்தோஷப்பட்டது வெல்டரின் அண்ணியும் அவன் பெண்டாட்டியும். அந்த இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லைத் தாண்டி, இரும்புக் குழாய் நட்டு நாலு பக்கமும் மேலேயும் வலை இழுத்த கூண்டு அது. உள்ளே ஒரு லாரியை நிறுத்தலாம். சுற்றிலும் அரளிச்செடி. அதில் கருப்பன் வளரும். கருப்பன் என்றால் வண்ணத்துப்பூச்சி. கருப்பு இறக்கை, ஓரத்தில் வரிசையாக வெள்ளைப் பொட்டு. முட்டையைப் பொறுக்கி, புழுவுக்குக் கொழுந்து கிள்ளிப் போட்டு, அது கண்ணாடித் துண்டு மாதிரி பளபளக்கிற கூடாக மாறித் தொங்கியதும், பஞ்சு வைத்த பெட்டியில் அடுக்கி, கண்ணாடிக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் பூச்சிகளுக்கு நடுவில் நடந்து படம் பிடித்துக்கொள்வார்கள்.

கூடத்துக்குக் கருப்பன்தான் வேண்டும். மற்ற பூச்சிகள் ஆள் நிழல் பட்டாலே பதறி ஓடும். கருப்பன் பதறாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமா நடக்கிற மாதிரி, மெதுவாக, எல்லாரும் பார்க்கட்டும் என்று மிதந்து போகும். பறவை கொத்தினால் வாயெல்லாம் கசக்கும். இறக்கை தோல் மாதிரி, கொத்தினாலும் சட்டென்று கிழியாது. பிடித்து அழுத்தினால் காலை மடக்கிச் செத்த மாதிரி கிடக்கும், ஒரு நாற்றமும் விடும். "திமிர் பிடிச்ச பூச்சி. யாரும் திங்க மாட்டாங்கன்னு அதுக்கே தெரியும்" என்பாள் பெரியவள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருக்கும், தன் அண்ணனைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

பெரியவள்தான் வெல்டரின் அண்ணி, அவன் அண்ணன் லாரிக்காரரின் பெண்டாட்டி. லாரிக்காரர் மாதத்தில் பாதி சாலையில்தான். இந்தக் கூண்டை ஆரம்பித்ததும் அவள்தான், வருஷக்கணக்காக நடத்தியதும் அவள்தான். அப்புறம் வெல்டருக்குக் கல்யாணம் ஆகிச் சின்னவள் வந்தாள். அவள் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. சட்டகம் போட்ட பட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டே வந்து இறங்கினாள். மாமியார் அதை முன்னறையில், லாரிக்காரரின் கல்யாணப் படத்தைக் கழற்றிவிட்டு, அதே ஆணியில் மாட்டினாள். சுவரில் வேறு ஆணி இல்லை என்றாள். ஆணி என்ன, தங்கத்திலா செய்கிறார்கள்? அந்தச் சுவர்ப் பக்கம் நின்று பெரியவள் தலை வாரியதே இல்லை அதற்குப் பிறகு.

சின்னவளுக்கும் எரிச்சல் இல்லாமல் இல்லை. பட்டம் வாங்கி வேலை தேடித் தேடி, கடைசியில் புழு மேய்க்க உட்கார்ந்தவள் அவள். அது போதாதென்று, வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்பதில் இருந்து மாமியாரின் மூட்டு வலி மாத்திரை வரை எல்லாம் பெரியவளுக்குத்தான் தெரியும். தட்டில் சாப்பாடு விழுந்ததும் வெல்டர் ஒரு வாய் வைத்துவிட்டு, "இது அண்ணி வெச்ச குழம்புதானே?" என்பான்.

"எப்படித் தெரியும்?" என்று சின்னவள் கேட்டாள் ஒரு நாள்.

"தெரியும். அண்ணி கை வேற."

"அப்ப என் கை என்ன, காலா?"

"நான் என்ன சொல்லிட்டேன் இப்ப?"

"ஒண்ணும் சொல்லல. சாப்பிடு. தட்டையும் சேர்த்துச் சாப்பிடு."

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் கண்ணாடிக் கூடத்து மேலாளர் வந்து, கூடத்துக்குள்ளேயே வளர்ப்பு அறை திறக்கப்போகிறோம், நிரந்தர வேலை, சீருடை, அடையாள அட்டை, ஆனால் ஒரே ஒரு ஆள் என்றார்.

"ரெண்டு பேரும் நல்லாத்தான் செய்றீங்க. யாரை எடுக்கிறதுன்னு குழப்பமா இருக்கு. நடுவுல வலையைக் கட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்குங்க. அடுத்த மாசம் வர்றேன். எந்தப் பக்கம் பூச்சி நல்லா இருக்கோ, முட்டை நிறைய இருக்கோ, அந்தப் பக்கத்து ஆளுக்கு வேலை."

இரண்டு பெண்களுக்கு நடுவில் ஒரு நாற்காலியைப் போடுவார்கள். அவர்கள் அடித்துக்கொண்டால் பொம்பளைப் புத்தி என்பார்கள். ஒரே நாற்காலியைப் போட்டவனின் புத்தியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பெரியவளுக்கு அந்த வேலை வேண்டும். வேண்டும் என்றால் அப்படி வேண்டும். புருஷன் ஊரில் இல்லாத வீட்டில், மாமியாரிடமும் கொழுந்தனிடமும் கேட்டுக் கேட்டே வயது போகிறவளுக்கு, கழுத்தில் தொங்குகிற ஒரு அட்டை என்ன என்பது அட்டை இல்லாதவர்களுக்குத்தான் தெரியும்.

அவளுக்கு ஒரு யோசனை இருந்தது. சின்னவள் சுத்தமில்லாதவள். பெருக்கினால் குப்பையை மூலையில் ஒதுக்கிவிட்டு மறந்துபோவாள். மேலாளரோ வந்ததும் முதலில் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைக்கிற ஆள். ஆகவே சுத்தம்தான் ஜெயிக்கும்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் பெரியவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் பக்கத்தில் குந்தினாள். அரளிகளுக்கு நடுவில், தண்ணீர் தேங்குகிற இடமெல்லாம் தேள்கொடுக்கு முளைத்துக் கிடந்தது. பூங்கொத்து தேள் வால் மாதிரி சுருண்டிருக்கும் களை அது. முன்பெல்லாம் கை போன போக்கில் அங்கொன்றும் இங்கொன்றும் பிடுங்கி அப்படியே போட்டுவிடுவார்கள். கிடந்து வாடும், யாரும் கவலைப்பட்டதில்லை. இப்போது ஒன்று விடாமல் வேரோடு பிடுங்கினாள். காய்ந்து கிடந்த பழைய தண்டுகளையும் வாரினாள். தரையை விளக்குமாறால் கோலம் போடலாம் என்கிற அளவுக்குப் பெருக்கினாள். பெரிய கூடை நிரம்பி வழிந்தது.

தெருக்கோடியில் குப்பைத் தொட்டி இருக்கிறது. அவள் அங்கே போகவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை. போய்க் கவிழ்த்துவிட்டு, கூடையின் அடியைத் தட்டி, ஒட்டியிருந்த மண்ணையும் உதிர்த்துவிட்டு வந்தாள்.

சின்னவள் அதைப் பார்த்தது மத்தியானம்.

"அக்கா, இது என்ன?"

"எது?"

"இது. என் பக்கத்துல, மலை மாதிரி."

"காத்துல வந்திருக்கும்."

"வேரோட, மண்ணோட காத்துல வந்துச்சா?"

"உன் பக்கம் என்னைக்குக் குப்பை இல்லாம இருந்துச்சு? இன்னைக்குத்தான் கண்ணு தெரியுதா?"

"கொட்டினவங்களே வந்து அள்ளணும். நான் கை வைக்க மாட்டேன்."

"வைக்காதே. மேலாளர் வந்து பாக்கட்டும். படிச்ச பொண்ணோட லட்சணத்தை."

"பாக்கட்டும். அது யாரு கொட்டினதுன்னும் சொல்றேன்."

"சொல்லு, சொல்லு. நான் கொட்டும்போது நீ பாத்தியா?"

கொல்லைக் கதவில் நின்றிருந்த மாமியார், "ரெண்டு பேரும் கத்தி முடிச்சிட்டா யாராவது ஒருத்தி டீ போடுங்க" என்றாள். இரண்டு பேரும் போடவில்லை. மாமியாரே போட்டுக்கொண்டாள், தனக்கு மட்டும்.

சின்னவள் வீம்புக்காரி. சொன்னபடியே குப்பையில் கை வைக்கவில்லை. வெயிலில் அது வாடியது. இலை சுருண்டது, தண்டு பழுப்பானது. ஒரு மழைத்தூறல் விழுந்து காய்ந்ததும் அதிலிருந்து பச்சையும் புளிப்பும் கலந்த ஒரு வாடை எழுந்தது.

கருப்பன்கள் அதற்கு வந்தன.

ஒன்றிரண்டு இல்லை. சின்னவள் பக்கத்து ஆண் பூச்சிகள் மொத்தமும் அந்தக் குப்பையில் உட்கார்ந்து, சுருள் வாயை நீட்டி, காய்ந்த தண்டைக் குடைந்துகொண்டிருந்தன. பக்கத்தில் போனாலும் எழுந்திருக்கவில்லை. பந்தியில் உட்கார்ந்துவிட்டவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்திருப்பானா?

பெரியவள் வலை வழியாகப் பார்த்தாள். "நாத்தத்துக்குத்தான் வரும்" என்று சொல்லிக்கொண்டாள். அவள் பக்கம் தரை பளிச்சென்று இருந்தது. அவள் பக்கத்து ஆண்கள் வலையில் வந்து ஒட்டிக்கொண்டு, அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. "உங்களுக்கு என்னடா குறை வெச்சேன்?" என்று அவற்றைக் கையால் விரட்டினாள். போய்விட்டுத் திரும்பி வந்து ஒட்டின. வீட்டில்தான் அண்ணி கை, அண்ணி கை என்கிறார்கள். இங்கே அவள் கைக்கு மதிப்பில்லை.

அந்த வாரம்தான் குருவி வந்தது. இரட்டைவால் குருவி, அந்த வருஷத்துக் குஞ்சு, வால் இன்னும் முழுசாகப் பிரியவில்லை. மேல் வலையில், நடுத்தடுப்பு சேருகிற இடத்தில் இணைப்பு விட்டுப்போயிருந்தது. வெல்டர் அதைத் தைக்கிறேன், தைக்கிறேன் என்று தள்ளிப்போட்டிருந்தான். தைக்காவிட்டாலும் பயமில்லை, கருப்பனை எது தின்னும்?

குருவி பெரியவள் பக்கம் இறங்கியது. மிதந்து போன ஒன்றைப் பிடித்தது. பெரியவள் சிரித்தாள். "தின்னு பாரு, தெரியும். குடல் வாய்க்கு வரும்."

குருவி குழாயில் உட்கார்ந்து, இறக்கைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, உடம்பை விழுங்கியது. அலகைத் துடைக்கக்கூட இல்லை. அடுத்ததைப் பிடித்தது.

பெரியவளின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது. அன்றைக்குச் சாயங்காலம் பெருக்கிய தரை முழுக்கக் கருப்பு இறக்கைகள், ஓரத்தில் வெள்ளைப் பொட்டுகளோடு. மறுநாளும் குருவி வந்தது. அவள் விளக்குமாறை வீசினாள், கத்தினாள், வெல்டரை ஏணி போடச் சொன்னாள்.

"அண்ணி, வேலைக்கு நேரமாச்சு. சாயங்காலம் தைச்சுடறேன்."

"உன் பொண்டாட்டி பக்கம் இப்படி ஆகியிருந்தா இப்பவே ஏறியிருப்பே!"

"அண்ணி, என்ன இப்படிப் பேசறீங்க?"

"வேற எப்படிப் பேசறது? என் பக்கம் மட்டும் வருது. அவ பக்கம் போகுதா பாரு. ஏதோ பண்ணி வெச்சிருக்கா."

"குருவிக்கு நான் லெட்டர் போட்டேன், பெரியவங்க பக்கம் முதல்ல போன்னு" என்றாள் சின்னவள் உள்ளேயிருந்து.

அவள் அதைச் சொல்லி வாய் மூடுவதற்குள் குருவி தடுப்பைத் தாண்டி அவள் பக்கம் இறங்கியது. குப்பையிலிருந்து எழுந்த ஒரு ஆணைக் கவ்வியது. பெரியவள் வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஜுரம் விட்டதும் முதல் வாய் டீ உள்ளே இறங்குகிற மாதிரி ஒரு சுகம் அவள் நெஞ்சில் இறங்கியது. உன்னுதும் போகட்டும். ரெண்டு பேருக்கும் இல்லாமல் போகட்டும்.

குருவி ஒரு கடி கடித்தது. உடனே துப்பியது. தலையை உதறியது. குழாயில் அலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்தது, கழுத்தை நீட்டிக் கக்கியது. அப்புறம் கொஞ்ச நேரம் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, வந்த ஓட்டை வழியாகவே போய்விட்டது.

கீழே விழுந்த பூச்சி காலை மடக்கி, ஒருக்களித்துக் கிடந்தது. செத்தது, அதுவாவது செத்தது என்று பெரியவள் நினைத்தாள். அது மெதுவாகக் காலை விரித்தது. நிமிர்ந்து உட்கார்ந்தது. இறக்கையில் அலகு அச்சு முக்கோணமாக விழுந்திருக்க, எழுந்து, பழைய அதே மாமா நடையில் மிதந்து போனது. பெரியவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்தக் குருவி இரண்டு பக்கமும் வரவில்லை. கருப்பு என்றாலே அதற்குக் கசந்துபோயிருந்தது. பெரியவள் பக்கத்தில் மிச்சமிருந்த கொஞ்சமும் அப்படித்தான் பிழைத்தது.

"பாத்தீங்களா அக்கா, என் பூச்சி உங்க பூச்சியைக் காப்பாத்திடுச்சு" என்றாள் சின்னவள்.

இதற்குக் குருவியே மொத்தத்தையும் தின்றிருக்கலாம் என்று பெரியவளுக்குத் தோன்றியது.

சின்னவளுக்கும் ஏன் இப்படி என்று தெரியாது. கல்லூரியில் அவள் படித்தது வணிகம். குப்பை முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். வாடின தண்டைக் குடைந்து முடித்த ஆண்கள், வயிற்று நுனியிலிருந்து மஞ்சள் தூரிகை மாதிரி ஒன்றை வெளியே விரித்துக்கொண்டு பெண் பூச்சிகளைச் சுற்றின. பெண்கள் ஓடவில்லை. அரளிக் கொழுந்தில் முட்டை முட்டையாக வைத்தன. பெரியவள் பக்கத்து ஆண்களும் சுற்றிச் சுற்றித்தான் வந்தன, ஒரு பெண்ணும் நிற்கவில்லை.

சின்னவள் போனை எடுத்துத் தேடினாள். படித்தாள். வாடின தேள்கொடுக்கில் ஒரு கசப்புச் சத்து இருக்கிறது. ஆண் கருப்பன் அதை உறிஞ்சி உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. பறவைக்கு ஆகாமல் போவது அந்தக் கசப்பால். பெண்ணைக் கூப்பிடுகிற வாசனையும் அதிலிருந்துதான். சேரும்போது கசப்பில் ஒரு பங்கு பெண்ணுக்கும் போகிறது, முட்டைக்கும் போகிறது. அது கிடைக்காத ஆண் வெறும் கருப்புச் சட்டை போட்டவன்தான்.

படித்துவிட்டு அவள் வலைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். பெரியவள் மறுபடியும் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு வார்த்தை போதும். அக்கா, பெருக்காதீங்க, ரெண்டு கை அள்ளி உங்க பக்கம் போட்டுக்குங்க. வாய் வரைக்கும் வந்தது. கூடவே வெல்டரின் குரலும் வந்தது, அண்ணி கை வேற என்று. சின்னவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

மேலாளர் சொன்ன நாளில் வந்தார். நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தார், மாமியார் கொடுத்த டீயைக் குடித்தார், கூண்டுக்குள் வந்தார். பெரியவள் பக்கம் தரையைப் பார்த்து, "ரொம்ப சுத்தம்" என்றார். மேலே பார்த்தார். "பூச்சி எங்கம்மா?"

"குருவி வந்துச்சு சார்."

"கருப்பனைக் குருவி தின்னுச்சா?"

அவர் அந்தப் பக்கம் போனார். கொழுந்துகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குப்பை முன்னால் நின்றார். அதன் மேல் கருப்பன்கள் மொய்த்துக்கொண்டு கிடந்தன.

"இதை யாரு பண்ணது?"

வாயில் வந்து விழுந்த பழத்தை யாராவது துப்புவார்களா? சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். கசப்புச் சத்து, வாசனை, பெண் பூச்சி, முட்டை. ஒரு வார்த்தை தடுமாறவில்லை. மேலாளர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சபாஷ். நீங்களே யோசிச்சுக் கொண்டுவந்து போட்டதா?"

சின்னவள் வலைப் பக்கம் திரும்பவில்லை. "ஆமா சார்."

"பொய்!" என்றாள் பெரியவள்.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் வலைக்கு அந்தப் பக்கமிருந்து சுற்றி வந்தாள். விளக்குமாறு கையிலேயே இருந்தது.

"அது நான் கொட்டினது சார். என் பக்கத்துக் குப்பை. ஒவ்வொண்ணா நான் பிடுங்கினது. அவ ஒரு துரும்பைக் கிள்ளிப் போடல."

"நீங்க எதுக்கும்மா இந்தப் பக்கம் கொட்டினீங்க?"

பெரியவளுக்கு அப்போதுதான் கேள்வி எங்கே போகிறது என்று புரிந்தது. மாமியார் பார்த்தாள். வேலைக்குக் கிளம்பி நின்ற வெல்டர் பார்த்தான். பின்வாங்க இன்னும் இடம் இருந்தது. அவள் பின்வாங்கவில்லை.

"வயித்தெரிச்சல்ல சார். இவ பக்கம் அசிங்கமா இருக்கணும், நீங்க பாத்து மூஞ்சியச் சுளிக்கணும்னு கொட்டினேன். நல்லதுக்குக் கொட்டல. ஆனா கொட்டினது நான். அதை இவ செஞ்சேன்னு சொல்லக் கூடாது."

மேலாளர் சிரித்துவிட்டார். "பொறாமைக்கெல்லாம் வேலை குடுக்க முடியாதும்மா. பொம்பளைங்க நீங்க இருக்கீங்களே..." என்று ஆரம்பித்தார்.

"சார்" என்றாள் சின்னவள். சத்தமாகத்தான் சொன்னாள். "அவங்க சொன்னது நிஜம். நான் கொட்டல. அள்ளவும் இல்ல, வீம்புல விட்டுட்டேன். அப்புறமாத்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். தெரிஞ்சும் அவங்ககிட்ட சொல்லல. அதுவும் பொறாமைதான். ஆனா இந்த வேலை எனக்கு வேணும். முட்டை என் பக்கம்தான் இருக்கு. நீங்க சொன்னது அதுதான்."

மேலாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "திங்கக்கிழமை வந்துடுங்க" என்று சின்னவளிடம் சொல்லிவிட்டு, வாசலுக்கு நடந்தார்.

அன்றைக்கு மத்தியானம் பெரியவள் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள்.

"நிஜம்னு ஏன்டி சொன்னே?"

"அவர் உங்களைப் பாத்துச் சிரிச்சாரு. பிடிக்கல."

"நீ தினம் சிரிக்கலியா?"

"நான் சிரிக்கலாம்."

பெரியவள் சட்டியைத் திருப்பி அடிக்கரியைச் சுரண்டினாள். "ஒண்ணு சொல்றேன். அக்காவுக்கே குடுங்கன்னு மட்டும் நீ சொல்லியிருந்தே, இந்த ஜென்மத்துல உன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன்."

"நான் ஏன் சொல்றேன்? எனக்கென்ன பைத்தியமா?"

"அதான். அது ஒண்ணுதான் உன்கிட்ட எனக்குப் பிடிச்சுது."

ஞாயிற்றுக்கிழமை சீருடை வந்தது. பச்சைச் சட்டை, ஆண் அளவு. சின்னவள் போட்டுக்கொண்டு வந்து நின்றால், கொடியில் காயப்போட்ட மாதிரி இருந்தது. வெல்டர் வாயைத் திறந்து, பெண்டாட்டி முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

"இதோடயா போகப்போறே?" என்றாள் பெரியவள்.

"வேற என்ன பண்றது? எனக்குத் தைக்கத் தெரியாது."

"உனக்கு என்னதான் தெரியும்? இங்க வா."

முன்னறையில் வெளிச்சத்துக்கு நிறுத்தி, பெரியவள் அவளைச் சுற்றி வந்தாள். வாய் நிறைய ஊசி வைத்துக்கொண்டதால் அவளால் ஒன்றும் பேச முடியவில்லை. தோளை மடித்தாள், கையைச் சுருக்கினாள், இடுப்பில் இரண்டு பக்கமும் பிடித்து ஊசி குத்தினாள். சட்டைப் பையின் மேல், அட்டை தொங்கப்போகிற இடத்தில், விரலை வைத்து ஒரு தடவை நீவினாள். நீவின இடத்தை மறுபடியும் நீவினாள். அப்புறம் கழற்றச் சொல்லி வாங்கி, மிஷினில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் அடித்து முடித்தாள். மறுபடி போட்டுக்கொண்டபோது சட்டை அளவெடுத்துத் தைத்த மாதிரி நின்றது. மாமியார்கூட, "அட" என்றாள்.

"அக்கா, நெஞ்சுகிட்ட பிடிக்குது."

"எங்க?"

"இங்க. மூச்சு விட்டாத் தெரியுது."

பெரியவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிரித்து ஒரு விரல் விட்டுத் தைப்பது அவளுக்கு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

"பழகிடும்" என்றாள். "நிமிர்ந்து நில்லு."